திலகவதியார் துயரும் சித்தாந்த ஆறுதலும்

திருத்தொண்டர் புராணத்தில் இறப்பும் இரங்கலும் பலவிடத்து வருவன. ஆயினும், துணைவனை இழந்தார் ஒருவரது துயரத்தை வெளிப்படக் காட்டி, அவ்விழப்பு மாற்றப்பெறாமலே அவரைத் திருத்தொண்டின் நெறியில் நிறுத்திய இடம் திலகவதியார் வரலாற்றைப்போல் வேறில்லை என்பது எம் கருத்து. திருநாவுக்கரசு நாயனார் புராணத்தின் முற்பகுதியாகிய அதனை நாயனார் வரலாற்றுக்கு ஒரு தோரணவாயிலாகவே கொண்டு, நின்று நோக்காது கடந்து செல்வது சொற்பொழிவாளர் பலர்க்கு வழக்கமாய்விட்டது. அங்ஙனம் கடப்பதனால் விளையும் குறை இலக்கியச் சுவையளவில் நிற்பதன்று. துணையை இழந்து வருந்துவார்க்குச் சைவராகிய நாம் கூறும் ஆறுதலிலும் அக்குறை புகுந்து கேடு செய்கின்றது. அதனை ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சிக்கு நெய்வேலி நகரியம் தக்கதோர் களம். பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் அமைக்கப்பெற்று, 1957இல் சுரங்கப்பணி தொடங்கிய பின்னர்ப் பல மாவட்டத்தாரும் பல மொழியினரும் வந்து குடியேறிய புத்தூர் அது. ஆயினும் அதனைச் சூழ்ந்த நிலமோ சைவத்தின் மிகப் பழைய நிலம். வடக்கே பண்ணுருட்டியை அடுத்துத் திருவாமூரும், கெடிலக்கரைத் திருவதிகையும், சகலாகம பண்டிதராகிய அருணந்தி சிவாசாரியார் வாழ்ந்த திருத்துறையூரும் உள்ளன. மேற்கே, மெய்கண்டார் அவதரித்த பெண்ணாகடம். தென்கிழக்கே தில்லையும், உமாபதி சிவனார் உறைந்த கொற்றவன்குடியும். ஆகவே, சித்தாந்தம் பிறந்து வளர்ந்த ஊர்களின் நடுவே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் நிற்கின்றன என்று கூறினும் பிழையாகாது.

அந்நகரியத்தின் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 2020ஆம் ஆண்டு மே 7ஆம் நாளும், ஜூலை 1ஆம் நாளும் கொதிகலன்கள் வெடித்துத் தொழிலாளர் பலர் மாண்டனர். காலையில் உணவுப்பாத்திரத்தோடு வேலைக்குச் சென்றவர் மீளாமையைக் கேட்ட மனைவியர் பலர். இத்தகைய பேரிடர் ஒருபுறமிருக்க, நோயானும் மூப்பானும் நாள்தோறும் நேரும் பிரிவுகளுக்கு எவ்வூரிலும் குறைவில்லை. இறந்தார் இல்லத்தில் திருவாசகம் ஓதுகின்றோம். மோட்ச தீபம் ஏற்றுகின்றோம். பின்னர், இருந்தாரை நோக்கிச் சில மொழிகள் கூறுகின்றோம். "எல்லாம் அவரவர் வினை" என்பது ஒன்று. "உலகமே பொய், இதற்கா அழுவது?" என்பது மற்றொன்று. "சிவபூசை செய்கின்ற நீங்களே இப்படிக் கலங்கலாமா?" என்பது வேறொன்று. இவை மூன்றும் சைவத்தின் பெயரால் சொல்லப்படுகின்றன. இவை சைவந்தாமோ என்பதே வினா. விடை காண்டற்கு நூலிற் புகுவாம்.

திருவாமூரில் குறுக்கையர் குடியில் தோன்றிய புகழனார்க்கும் மாதினியார்க்கும் மகளார் திலகவதியார்; சில்லாண்டு கழித்துத் தோன்றிய இளவல் மருணீக்கியார். திலகவதியார்க்குப் பன்னிரண்டு வயதளவில் படைத்தலைவராகிய கலிப்பகையார்க்கு அவரை மணம் பேசினர். மணநாள் அணையுமுன் அரசன் பணியால் கலிப்பகையார் போர்மேற் சென்றார். அவர் சென்றிருந்த காலத்தே புகழனார் நோயுற்று இறந்தார். மாதினியார் கணவரோடு தம்முயிரும் விடுத்தார். பெற்றோர்க்குரிய கடன்களைச் சிறுவர் இருவரும் சுற்றத்தார் துணையோடு முடித்த பின்னர், கலிப்பகையார் போர்க்களத்தில் உயிர் கொடுத்தார் என்னும் செய்தி ஊரில் வந்து பரவியது.

ஈண்டுச் சேக்கிழார் அடுக்கிய முறை நோக்கத்தக்கது. தாய், கணவனுக்குப் பின் வாழாமையை முதலிற் காட்டினார், அதனை இகழ்ந்தாரும் அல்லர், போற்றியே பாடினார். அதன்பின், அதே நெறியில் மகளும் செல்லத் துணிதலைக் காட்டினார். தந்தையும் தாயும் தம்மை அவர்க்கென்று இசைந்தமையால் தாம் அவர்க்கே உரியர் என்றும், ஆதலின் தம்முயிரை அவருயிரோடு சேர்ப்பதே செய்யத்தக்கது என்றும் திலகவதியார் முடிவு செய்கின்றார். அப்பொழுது தம்பியார் அவர் அடியில் வீழ்ந்து அலறி, பெற்றோர் போன பின்னும் தாம் உயிரோடு இருப்பது தமக்கையாரை வணங்கலாம் என்னும் ஒன்றனாலேயே என்றும், அவர் தம்மைத் தனியே விட்டு ஏகுவாராயின் அவர்க்கு முன்னமே தாம் உயிர் விடுவதாகவும் கூறுகின்றார். திலகவதியார் நின்றார். தாய் சென்ற வழி மகளுக்கும் திறந்தே கிடந்தது; மகள் அவ்வழியிற் போகாமையினாலேயே தமிழ்நாட்டிற்கு ஒரு நாவுக்கரசர் வாய்த்தார். எது சிறந்தது என்று புலவர் வாய்விட்டுக் கூறிற்றிலர். கதையின் போக்கே அவர்தம் தீர்ப்பு என்க.

அற்றேல், திலகவதியார் மணம் பேசப்பெற்றவரேயன்றி மணந்தவரல்லர். அவர் துயரைக் கணவனை இழந்தார் துயரோடு வைத்து எண்ணுதல் யாங்ஙனம் பொருந்தும் எனின், அதற்கு விடை அவர் துணிபிலேயே உளது. தாம் அவர்க்கு உரியர் என்று முடிவு கட்டியவர் அவரே. ஊராரோ சுற்றத்தாரோ அவர்மேல் அதனை ஏற்றவில்லை. கைம்மை நோன்பைத் தாமே மேற்கொண்டார் என்றே நூல் காட்டுகின்றது. இதனை உலகியலில் பிறர்மேல் வலிந்து சுமத்துதற்குச் சான்றாகக் காட்டுவார் உளராயின், அவர் நூலைத் தலைகீழாகப் படித்தவராவர்.

அவர் உயிரோடு இருக்க இசைந்த நிலையைக் கூறும் செய்யுளில் சேக்கிழார் தாங்குதல் என்னும் வினையை மும்முறை ஆண்டிருத்தல் காண்க. உயிரைத் தாங்கினார், பொன்னும் மணியும் கோத்த நூலைத் தாங்கவில்லை, எல்லாவுயிர்க்கும் அருளைத் தாங்கினார். ஒரே சொல் மும்முறையும் வெவ்வேறு பாரத்தைச் சுட்டி நிற்கின்றது. உயிரே அவர்க்கு ஒரு பாரமாயிற்று என்பதை முதலாவது தாங்குதல் காட்டுகின்றது. வாழ்வு இனியது என்று அவர் வாழவில்லை. தம்பியார் உளராதல் வேண்டும் என்னும் தயையினால் அப்பாரத்தைச் சுமந்தார். இழப்பிற்குமுன் தாங்கியிருக்க வேண்டிய அணி ஒழிந்தது. அது ஒழிந்த இடத்தில் அனைத்துயிர்க்குமாகிய அருள் வந்து அமர்ந்தது. துயரம் போயிற்று என்று புலவர் கூறவில்லை என்பதைப் படிப்போர் உளங்கொள்ளல் வேண்டும். துயரத்தின் அளவு குறைந்ததாகவன்று, தாங்குவாரது பரப்பு விரிந்ததாகவே அவர் பாடினார்.

இனி, இவ்வரலாற்றில் மிக நுட்பமாகிய ஓரிடம் உண்டு. அதனைப் பலரும் கண்டதாகத் தெரியவில்லை. இரண்டு சிறுவர்க்கும் நேர்ந்த இழப்புக்கள் ஏறத்தாழ ஒன்றே. அவ்விழப்பினின்றும் மருணீக்கியார் பெற்றது யாது? உலகம் நிலையாதது என்னும் உணர்வு. அவ்வுணர்வால் அவர் பொருளை அறத்திற் செலவிட்டார். அறச்சாலைகளும் தண்ணீர்ப்பந்தர்களும் அமைத்தார். பின்னர் நல்லாறு எதுவென்று தேடிப் பாடலிபுத்திரத்துச் சமணப்பள்ளியிற் சேர்ந்து தருமசேனர் ஆயினார். அவ்வூர் இன்றைய திருப்பாதிரிப்புலியூர் என்பர். திலகவதியார் பெற்றதோ பிறிதொன்று. நிலையாமையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசியதாகக் காப்பியத்தில் இல்லை. அவர் திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, வைகறையில் எழுந்து திருக்கோயிலை அலகிட்டார், மெழுகினார், மலர் கொய்து மாலை கட்டினார். நிலையாமை உணர்ந்தவர் வெகுதொலைவு சென்றார். இழப்பைச் சுமந்தவர் கைத்தொண்டினின்று அகலவில்லை. நிலையாமை உணர்வு தாழ்ந்தது என்று யாம் கூறவில்லை. அஃது ஒன்றே ஒருவரைச் சிவனடியிற் சேர்த்துவிடும் என்று கருதுதல் நூலுக்கு ஒவ்வாது என்கின்றேம். இறந்தார் வீட்டில் நிலையாமையையே விரித்துரைக்கும் பெரியோர் இதனை எண்ணிப்பார்ப்பாராக.

பின்னர்த் திலகவதியார் இறைவனை வேண்டுகின்றார். தம்மை ஆண்டருளுவது மெய்யாயின், தமக்குப் பின் பிறந்தவனைப் பரசமயக் குழியினின்றும் எடுத்தருள வேண்டும் என்பது அவ்விண்ணப்பம். ஒருமுறையன்று, பலமுறையும் விண்ணப்பித்தார் என்று நூல் கூறும். பலமுறை வேண்டியவர்தம் இறைப்பற்றில் குறை காண்பார் உண்டோ? இறைவனும் கனவில் தோன்றி, மனக்கவலையை ஒழிக என்றே தொடங்கினன். கவலையுற்றதற்காக அவரைக் கடிந்தானல்லன். "பூசை செய்கின்ற நீங்களே கலங்கலாமா?" என்பார்க்கு இதனினும் மேற்பட்ட மறுப்பு வேண்டா.

மேலும், பழுப்பு நிலக்கரிப் படுகையின் கீழே அழுத்தமுற்று நிற்கும் நீரை இரவும் பகலும் இறைத்தாலன்றிச் சுரங்கத்தின் அடித்தளம் வெடித்துப் பொங்கும் என்பதை நெய்வேலியில் சிறுவரும் அறிவர். அழுகையை அடக்குவதே பத்தி என்று போதிப்பவர் அவ்வூரிலேனும் அங்ஙனம் போதியாதிருத்தல் நன்று.

ஆனால் இங்கே ஒரு தடை எழுகின்றது. அதனைக் கடவாது இவ்வாராய்ச்சி நிறைவுறாது. திருமருகலில் அரவு தீண்டி இறந்த வணிகன் பொருட்டு, அவனையே துணையாக நம்பி உடன்வந்த நங்கை, தீண்டவும் ஆகாதவளாய் நின்று கதறினாள். சம்பந்தப் பெருமான் அவ்வழுகையைக் கேட்டுத் திருப்பதிகம் அருளி அவ்வணிகனை எழுப்பி, இருவர்க்கும் மணமும் முடித்து வைத்தார். ஏயர்கோன் கலிக்காமர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டபொழுது, உடன்செல்லத் துணிந்த அவர் மனைவியார், சுந்தரர் வருகின்றார் என்று கேட்டு, எவரும் அழுதல் வேண்டா என்று விலக்கி, அடியாரை எதிர்கொள்ளச் செய்தார். அங்கும் கணவர் உயிர்பெற்று எழுந்தார். ஒருத்தி வாய்விட்டு அழுதாள். ஒருவர் அழுகையை மறைத்தார். இருவரும் துணைவரை மீளப் பெற்றனர். திலகவதியாரோ பெற்றிலர். மணம் பேசிய நிலையிலேயே துணைவனை இழந்தமையில் மருகல் நங்கைக்கும் இவர்க்கும் ஒற்றுமை பெரிது. அவ்வாறாகவும், ஒருவர்க்கு உயிர் மீண்டது, ஒருவர்க்கு மீளவில்லை. இஃது ஏன்?

துணையை இழந்த ஒவ்வொருவர் உள்ளத்திலும் எழும் வினா இதுவே. அடுத்த வீட்டார் மருத்துவமனையினின்றும் மீண்டார், எம் வீட்டார் மீளவில்லை. நாங்கள் தொழுததில் என்ன குறை? இதற்கு, அவர் பத்தி மிகுதி, இவர் பத்தி குறைவு என்று விடையிறுப்பார் திலகவதியாரை நினைத்தபின் வாய் திறத்தல் அரிது. நாவுக்கரசரைச் சைவத்திற்கு மீட்டுத் தந்த ஒருவரை மருகல் நங்கையினும் குறைந்த அன்புடையவர் என்று கூறத் துணிபவர் யார்? ஆதலின், உயிர் மீளுதலை அன்பின் அளவுகோலாகக் கொள்ளுதலைச் சேக்கிழாரின் காப்பியமே தடுத்து நிற்கின்றது.

பின்னை ஏன் எனின், நூல் அதற்குக் காரணம் கூறவில்லை. கூறாமையே அதன் நேர்மை என்பது எமக்குத் தோன்றுகின்றது. திலகவதியார் கலிப்பகையாரை மீளத் தருக என்று வேண்டியதாக ஒரு குறிப்பும் இல்லை. தம் துயர் தீர்க என்று வேண்டியதாகவும் இல்லை. வேண்டியதெல்லாம் உயிரோடு இருக்கும் ஒருவன் பொருட்டு. அவ்விண்ணப்பம் நிறைவேறியது. நிறைவேறியதன் பயன் திருவதிகையோடு நிற்கவில்லை. திங்களூரில் அப்பூதியடிகளின் மகன் அரவு தீண்டி இறந்தபொழுது அவனை எழுப்பியவர் அத்தம்பியாரே. தமக்கையார் அன்று உயிரைத் தாங்கியிராவிடில் அச்சிறுவன் எழுந்திருப்பானல்லன். இறப்பை மாற்றும் அருள் ஓரிடத்தும், இறப்பைத் தாங்கும் அருள் மற்றோரிடத்தும் நின்று, பின்னது முன்னதற்கே வேராயிற்று. இவ்வளவே நூலினின்றும் யாம் துணிந்து கூறத்தக்கது.

இனி, உலகம் பொய் என்னும் ஆறுதலைப் பார்ப்போம். இது கேட்பதற்கு உயர்ந்த ஞானம்போல் ஒலிக்கும். ஆயின் இது நம்முடையதன்று. மாயாவாதியர் தம் கொள்கைக்கு ஏற்ப அதனைக் கூறுவர்; அவர்க்கு அது முறை. மெய்கண்டார் வழிவந்த நமக்கோ உலகம் உள்பொருள். அவன், அவள், அது எனச் சுட்டப்படும் யாவும் தோன்றி நின்று ஒடுங்குவன; ஆயின் தோற்றமும் ஒடுக்கமும் உள்ளதற்கேயன்றி இல்லதற்கு இல்லை. உடலும் கருவியும் உலகும் நுகர்ச்சியும் ஆன்மாவின் பொருட்டு இறைவன் மாயையினின்றும் அமைத்துக் கொடுத்தவை. ஆணவ இருளிற் கிடந்த உயிர்க்கு அவை விளக்குப் போல்வன. அங்ஙனமாயின், முப்பதாண்டு உடன்வாழ்ந்து, பசியறிந்து உணவிட்டு, பிணியில் உடனிருந்து, பூசைக்கு நீரும் மலரும் எடுத்து வைத்த துணையும் இறைவன் கொடுத்த விளக்கேயன்றோ? கொடுத்தவன் மெய்யன், பெற்ற உயிர் மெய், கொடுத்த பொருள் மட்டும் பொய்யென்பது எவ்வாறு கூடும்? விளக்கு அவிந்தபொழுது இருள் தோன்றுதல் இயல்பு. அவ்விருளைக் கண்டு வருந்துவாரை அறியாதார் என்று இகழ்தல் சித்தாந்தத்தை அறியாதார் செயல்.

திரோதானம் என்னும் நுண்பொருளும் ஈண்டு நினைக்கத்தக்கது. இறைவனது சத்தி மலத்தோடு உடனாய் நின்று, தன்னை மறைத்து, இன்பதுன்பங்களை உயிர்க்கு ஊட்டுகின்றது. அம்மறைப்பு பாசங்களோடு ஒருங்கு எண்ணப்படினும், உண்மையில் அருளே என்பது நம் ஆசிரியர் துணிபு. இறைவன் முகம் மறைந்ததுபோல் தோன்றும் நாட்களில், அவன் இல்லை என்றும் கூறாமல், இருக்கின்றான் ஆதலின் நீ வருந்தாதே என்றும் கூறாமல், மறைந்து நிற்றலும் அவன் தொழிலே என்று கூறும் நெறி இது. துயருற்றார்க்கு இதனினும் மெய்யான ஆறுதல் எம்மால் அறியப்படவில்லை. அவர் காணாமையை இது மறுக்கவில்லை. அக்காணாமைக்கு ஐந்தொழிலில் ஓரிடம் கொடுக்கின்றது.

எஞ்சியது வினை. வினைக்கொள்கை சைவர்க்கு உடன்பாடே. அதனை மறுத்தற்கு யாம் புகவில்லை. ஆனால் அதனை எவர் எவரை நோக்கிக் கூறுவது என்பதில் ஒரு முறை உண்டு. இலக்கண மொழியில் உரைப்பின், வினை தன்மைக்கண் கூறத்தக்கது, முன்னிலைக்கண் கூறத்தக்கதன்று. என் வினை என்று ஒருவன் தன்னை நோக்கிக் கூறுவானாயின் அது பணிவு. உன் வினை என்று அழுவாளை நோக்கிக் கூறுவானாயின் அது கொடுமை. சூலைநோயால் துடித்த மருணீக்கியார், கொல்லிப்பண்ணில் அமைந்த தம் முதற் பதிகத்தில், தாம் செய்த கொடுமைகளைத் தாமே எண்ணி வருந்துகின்றார். அது தன்மை. அன்றிரவு தம் அடியில் வந்து வீழ்ந்த அவரை நோக்கித் திலகவதியார் கூறியது யாது? தம்மை விட்டு அகன்றவன், தம் குலநெறியை நீத்தவன், இன்று நோய்க்கு அஞ்சி மீண்டவன் என்று இடித்துரைத்தற்கு உலகில் எவர்க்கேனும் உரிமை உண்டாயின் அஃது அவர்க்கே உண்டு. அவரோ, உன் வினை என்று ஒரு சொல்லும் கூறிற்றிலர். இஃது இறைவன் திருவருள் என்றே கூறி, எழுக என்றார். திருநீற்றை ஐந்தெழுத்து ஓதி அளித்தார். திருவலகும் மெழுக்குக்குரிய சாணமும் தோண்டியும் எடுத்துக்கொண்டு, பொழுது புலருமுன் அவரைத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். பெருந்துயரைத் தாம் சுமந்தவர் பிறர் துயரின்முன் எங்ஙனம் பேசுவர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று எம்மொழியில் யாம் கண்டதில்லை.

அத்திருநீற்றைப் பற்றி இன்னும் சிறிது கூறவேண்டும். கணவனை இழந்தாரை மங்கலமற்றவர் என்று விலக்கும் வழக்கம் சைவக் குடிகளில் நெடுங்காலம் நிலைத்திருந்தது. இன்றும் முற்றும் ஒழிந்துவிட்டது என்று கூறுதற்கில்லை. திருமணத்தில் அவர் முன்னிற்றல் ஆகாது, புறப்படும்போது எதிர்வரல் ஆகாது, பிள்ளைக்கு நீறிடல் ஆகாது என்பன அவ்வழக்கின் கூறுகள். கைம்பெண் மறுமணத்தை ஏற்கும் சட்டம் 1856இலேயே வந்தது. வழக்கமோ சட்டத்தைக் கேளாது நெடுநாள் நின்றது. இவ்வழக்கத்தைச் சைவம் என்று கருதுவோர், தமிழ்ச் சைவத்தின் மறுமலர்ச்சி எந்தக் கையினின்றும் தொடங்கியது என்று எண்ணிப் பார்த்தாரல்லர். நாவுக்கரசர் நெற்றியிற் படிந்த நீறு, தம்மைக் கைம்மையராகவே கொண்டு வாழ்ந்த ஒருவர் கையால் இடப்பட்ட நீறு. அதனை அமங்கலம் என்பார் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அவர்தம் பாடல்களை எந்த வாயால் ஓதுவர்?

ஆடவர் துயரைப் பற்றியும் ஒருசொல். துணையை இழந்த ஆடவன் விரைவில் மறுமணம் செய்துகொள்ளுதலே இயல்பு என்று உலகம் கருதுவதால், அவன் துயரத்திற்கு நம்மிடம் மொழியே இல்லாமற் போயிற்று. பெரியபுராணத்திற்குக் குறிப்புரை வரைந்த திரு. வி. கலியாணசுந்தரனார் 1912இல் கமலாம்பிகை அம்மையாரை மணந்து 1918இல் அவரை இழந்தார், மக்களையும் இழந்தார், மீண்டும் மணந்தாரல்லர். பெண்மையின் சிறப்பைப் பற்றி அவர் பின்னர் எழுதியவற்றைப் படிப்போர், அவ்வெழுத்தின் அடியில் அவ்வாறாண்டு இல்வாழ்க்கை நிற்பதை உணர்வர். தொழிலாளர் தொண்டு, தமிழ்த்தொண்டு, சமயத்தொண்டு என்று அவர் வாழ்வு விரிந்தமையும் மேற்கூறிய தாங்குதலின் ஒரு வடிவமாகவே எமக்குத் தோன்றுகின்றது.

மீண்டும் நெய்வேலிக்கு வருவோம். அந்நகரியத்தில் அழகிய திருச்சிற்றம்பலமுடையான் என்னும் பெயரோடு ஆடல்வல்லான் எழுந்தருளியிருக்கும் திருக்கோயிலில் ஆராய்ச்சி மணி ஒன்றுண்டு. விண்ணப்பத்தை எழுதியிடுதற்கு ஒரு பெட்டியும் உண்டு. குறையுடையார் தம் குறையை எழுதி அதனுள் இட்டு மணியை அசைப்பர். ஆராய்ச்சி மணி என்றவுடன் திருவாரூர் நினைவுக்கு வரும். மனுநீதிச் சோழனது மணியை முதலில் அசைத்தது கன்றை இழந்த ஒரு பசு. வாயில்லாத அவ்வுயிரின் துயரத்தை அரசன், விலங்கிற்கு என்ன துயர் என்று தள்ளவில்லை; உன் கன்றின் வினை என்று அமைச்சரைக் கொண்டு ஆறுதல் கூறவில்லை. துயரைக் கேட்டல் ஆட்சியின் முதற்கடன் என்று கொண்டான். அரசனுக்கே அக்கடனாயின், அம்பலத்தரசனுக்கு உளதாதலைச் சொல்ல வேண்டா. நெய்வேலி மணியை ஒரு கைம்பெண் அசைப்பாளாயின், அவ்வோசையை நம்பிக்கைக் குறைவின் ஓசை என்று எவரும் கூறற்க. திலகவதியாரும் பலமுறை விண்ணப்பித்தவரே.

இத்தனையும் கூறியபின் ஒன்றனைக் கூறாது விடல் தகாது. திலகவதியாரின் துயரம் தீர்ந்தது என்று சேக்கிழார் எவ்விடத்தும் பாடவில்லை. கவலையை ஒழிக என்று இறைவன் அருளியதும் தம்பியைப் பற்றிய கவலையையே. தம்பியார் ஆட்கொள்ளப்பெற்ற மகிழ்ச்சி கூறப்பட்டது. கலிப்பகையாரைப் பற்றிய பேச்சு மீண்டும் எழவில்லை. நாவுக்கரசர் தலந்தோறும் யாத்திரை செல்லக் காப்பியமும் அவரோடு செல்கின்றது. திலகவதியார் திருவதிகையிலேயே நின்றுவிடுகின்றார். அவர் எப்பொழுது, எங்ஙனம் இறைவனடி சேர்ந்தார் என்பது கூறப்படவில்லை. அறுபத்து மூவர் வரிசையிலும் அவர் பெயர் இல்லை. திருவதிகை வீரட்டானத்தில் அவர்க்குத் திருவுருவம் அமைத்து வழிபடுகின்றனர். பண்ணுருட்டி செல்லும் நெய்வேலி அன்பர்கள், பலாப்பழமும் முந்திரியும் வாங்கியவுடன் திரும்பிவிடாமல், கெடிலக்கரை வரை சென்று அவ்வம்மையார்முன் சிறிதுபோது நின்று வருவாராக.